கிமெராவுக்கு நம் ஆட்கள் சொன்ன யோசனை

ஞாயிற்றுக்கிழமை ஜூம் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பேச்சாளர், ஸ்பெயினின் கட்டலோனியா பகுதி மொழியான கட்டலானில் எழுதிய கவிஞரும் நாடகாசிரியருமான ஆஞ்செல் கிமெராவைப் பற்றி முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது ஒரு பெருமூச்சு. "பாவம், ஸ்பானிஷ்லயே எழுதியிருந்தா நோபல் வாங்கியிருப்பாரு." உடனே திரை முழுக்கக் கைதட்டும் எமோஜிகள். நான் கை தூக்கினேன், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். சரி, இங்கே நேரம் இருக்கிறது.

முதலில் ஒன்று. கிமெரா ஸ்பானிஷ் தெரியாமல் கட்டலானில் எழுதியவர் இல்லை. 1845-இல் பிறந்தது கானரித் தீவுகளில், தெனெரீஃபில். அம்மா அந்த ஊர்க்காரர், பேசியது ஸ்பானிஷ். அப்பா கட்டலான் வியாபாரி. ஏழெட்டு வயதில்தான் கட்டலோனியாவுக்கு, அப்பாவின் ஊரான எல் வெந்த்ரெல்லுக்கு வந்து சேர்ந்தார். இளமையில் ஸ்பானிஷில் கவிதை எழுதிப் பார்த்தவர்தான். அதாவது பேச்சாளர் இன்றைக்குச் சொல்லும் யோசனை அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்துதான் வேண்டாம் என்றார். இதை ஒருவர் அறியாமல் செய்த தப்பு போல எப்படிப் பேச முடிகிறது?

1877-இல் ஜோக்ஸ் ஃப்ளொரால்ஸ் என்ற கட்டலான் கவிதைப் போட்டியின் மூன்று பெரிய பரிசுகளையும் ஒரே வருடத்தில் வாங்கினார். 1895-இல் பார்சிலோனாவில் அத்தனேயு என்ற அறிஞர் சபையின் தலைவரானதும், தொடக்க உரையைக் கட்டலானில் படித்தார். அந்த மேடையில் அதுவரை தலைவர் உரை ஸ்பானிஷில்தான். பேசிய பொருளும் கட்டலான் மொழிதான். உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் கூச்சல் போட்டு எதிர்த்தார்கள். சொந்த ஊரில், படித்தவர்கள் கூடும் சபையில் நடந்தது இது. இந்த மனிதருக்குத்தான் நம் ஆட்கள் 'கேரியர் கைடன்ஸ்' கொடுக்கிறார்கள்.

இப்போது நோபலுக்கு வருவோம். 1907 முதல் 1923 வரை வருடம் தவறாமல் அவர் பெயர் பரிந்துரையில் இருந்தது. கிடைக்கவில்லை. அவருக்குக் கொடுத்தால் ஸ்பெயினில் சங்கடமாகும் என்ற அரசியல் கணக்கு ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது இருக்கட்டும். 1904-இல் பரிசு யாருக்குப் போனது? இருவருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒருவர் ஸ்பானிஷ் நாடகாசிரியர் ஹோஸே எச்சேகராய். இன்னொருவர் ஃப்ரெடெரிக் மிஸ்த்ரால். மிஸ்த்ரால் எழுதியது பிரெஞ்சில் இல்லை ஐயா, தெற்கு பிரான்சில் ப்ரொவான்ஸ் பகுதியின் ஆக்ஸிதான் மொழியில். கட்டலானுக்கு அக்கா முறை மொழி அது. சின்ன மொழியில் எழுதினால் நோபல் இல்லை என்ற தத்துவம் அங்கேயே படுத்துவிட்டது.

எச்சேகராயோ கிமெராவையே ஸ்பானிஷில் மொழிபெயர்த்தவர். 'தெர்ரா பாய்ஷா', கிமெராவின் ஆகப்பெரிய நாடகம், 1896-இல் முதலில் மேடையேறியதே மாட்ரிட்டில், எச்சேகராயின் மொழிபெயர்ப்பில்தான். கட்டலான் மூலம் அடுத்த வருடம்தான் மேடைக்கு வந்தது. பரிசு வாங்கியவர் பரிசு வாங்காதவரின் நாடகத்தை எழுத்தெழுத்தாக உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார். இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

அந்த நாடகக் கதையைப் பேச்சாளர் ஒரு வரியில் தாண்டிவிட்டார். மலையில் ஆடு மேய்க்கும் மனெலிக். கீழே சமவெளியில் பண்ணையார் செபஸ்தியா. அவனுக்கு ஒரு பணக்காரப் பெண்ணைக் கட்டியாக வேண்டும், அதனால் தான் வைத்திருக்கும் மார்த்தாவை இந்த வெள்ளந்தி இடையனுக்குக் கட்டிவைத்து ஊர் வாயை மூடப் பார்க்கிறான். கட்டிவைத்த பிறகும் அவளை விடுவதாக இல்லை. கடைசியில் மனெலிக் அவனை வெறும் கையால் நெரித்துக் கொன்று, "ஓநாயைக் கொன்னுட்டேன்!" என்று கத்திக்கொண்டே மார்த்தாவோடு மலையேறுகிறான். இதை வைத்து ஆய்கன் தால்பேர் ஜெர்மனில் 'டீஃப்லாண்ட்' என்று ஓப்பெரா செய்தார், 1903-இல் ப்ராகில் அரங்கேறியது. அதிலிருந்து ஹிட்லரின் அபிமான இயக்குநர் லேனி ரீஃபன்ஸ்தால் படமெடுத்தார். நாஜி முகாமில் அடைத்திருந்த, ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா, சிந்தி (Sinti) மக்களைக் கூட்டி வந்து துணை நடிகர்களாக நிறுத்தினார். ஆண்டான் அடிமைக் கதையை எடுக்க அடிமைகளையே கொண்டுவந்து நிறுத்திய கொடுமை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

'மிகை நாடகம், கண்ணீர் அதிகம்' என்பார்கள். ஆமாம், அதிகம். அடுத்த கேள்வி.

'நீ பார்சிலோனாவில் இருக்கிறாய், கட்டலான் பிரிவினைக்காரர்களோடு சேர்ந்துவிட்டாய்' என்று ஒருவர் ஏற்கெனவே இன்பாக்ஸில் ஆரம்பித்துவிட்டார். எனக்கு இந்த ஊரில் ஓட்டே கிடையாது. ஸ்பானிஷ் கவிஞர் லோர்காவைப் படித்து அழுதவன் நான், ஸ்பானிஷ் மேல் எனக்கென்ன பகை? உண்மையில் நான் கட்டலான் பேசுவதை இந்த ஊர்க்காரர்களே ஊக்குவிப்பதில்லை. காலையில் எங்கள் தெரு ரொட்டிக்கடையில் கட்டலானில் கேட்பேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானிஷில் பதில் சொல்வார். நான் மறுபடி கட்டலான், அவர் மறுபடி ஸ்பானிஷ். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார். ஆனாலும் 'இது உனக்கானது இல்லை' என்று கேட்கிற மாதிரி வலிக்கும். பக்கத்து ஃப்ளாட் தமிழ் நண்பர் வேறு, "ஸ்பானிஷ் போதும்ங்க, எதுக்கு இந்த வேலையத்த வேலை" என்பார்.

2024-இல், கிமெரா மறைந்த நூறாவது வருடத்தில், விக்டோரியா தியேட்டரில் 'மார் இ செல்' பார்த்தேன். 1888-இல் அவர் எழுதிய நாடகம், தகோல் தகோம் குழு நூறு வருடம் கழித்து இசை நாடகமாக்கியது. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட, முஸ்லிம் வம்சாவளியினரான மொரிஸ்கோ இனத்துக் கடற்கொள்ளையன் சாயித், அவனிடம் சிறைப்பட்ட கிறித்தவப் பெண் பிளாங்கா. மேடையில் முழுக் கப்பல் ஒன்று திரும்புகிறது. என் பக்கத்தில் ஒரு நடுவயதுக்காரர், பள்ளிக்கூடப் பையன் போல, எல்லாப் பாட்டையும் உதட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார். எச்சேகராய் நாடகத்துக்கு இப்படி யாராவது உட்கார்ந்து பாடுவதைக் காட்டுங்கள், நான் இந்தப் பதிவையே எடுத்துவிடுகிறேன்.

'பெரியவர், நல்லெண்ணத்தில் சொன்னார், விடுங்க அண்ணா' என்கிறார்கள் தம்பிகள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான் பிரச்சினையே. பகையாகச் சொன்னால் சண்டை போட்டுவிடலாம். தமிழில் எழுதுகிறவனிடம் "இங்கிலீஷ்ல எழுதலாமே, திறமை இருக்கே" என்று தோளில் தட்டுகிற அதே நல்லெண்ணம். வீட்டுக் கல்யாணங்களில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா?

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'தெர்ரா பாய்ஷா'வை மூலத்திலிருந்து தமிழாக்கம் செய்ய ஆசைப்பட்டு, போன வருடம் ஒரு பதிப்பாளரிடம் பேசினேன். பெயர் வேண்டாம். "நோபல் வாங்கினவரா?" என்றுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் சுருதி இறங்கிவிட்டது. சரி, எச்சேகராய் வாங்கியிருக்கிறார், அவரைப் போடுவீர்களா என்று கேட்டேன்.

"யாரு அவரு?" என்றார்.