ஊருக்கே தெரிந்த எண் பூட்டுக்கு ஆகாது
2024-இல் கண்டுபிடித்த, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணால் வங்கிப் பரிவர்த்தனைகளுக்குப் பாதுகாப்பு கூடும் என்று ஒரு கட்டுரையில் வந்திருக்கிறது, அது சரியில்லை. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் ஆர்எஸ்ஏ (RSA) முறையில் இரண்டு பகா எண்களைப் பெருக்கித்தான் சாவி செய்கிறார்கள், அந்த இரண்டும் வெளியே தெரியாமல் இருப்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஊருக்கே தெரிந்த எண்ணைப் பூட்டில் வைத்து என்ன பயன்? அவ்வளவு பெரிதாகவும் வேண்டாம், 2048 பிட் சாவிக்குத் தலா முந்நூற்றுச் சொச்சம் இலக்கம் போதும், அதை என் பழைய மடிக்கணினியே ஓரிரு நொடியில் தேடிக் கொடுத்துவிடுகிறது. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 2-க்கு அடுக்காக எந்தப் பகா எண்ணைப் போட்டு 1 கழித்தாலும் பகா எண்தான் கிடைக்கும் என்கிறார். 11-ஐப் போட்டுப் பாருங்கள், 2047 வரும், அது 23 × 89. இந்த வகை எண்களை ஆராய்ந்த பிரெஞ்சுத் துறவி மெர்சென்னே இதில் ஏமாந்திருக்கிறார், எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும் என்று 1644-இல் அவர் தந்த பட்டியலில் 67-உம் இருந்தது. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் கோல், 67-ஐ அடுக்காகப் போட்டால் வரும் எண்ணை 193707721 × 761838257287 என்று பிரித்தே காட்டிவிட்டார் (கையால் போட்ட கணக்கு, நினைத்தாலே தலை சுற்றுகிறது). அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் விடையும் பகா எண்ணாக இருக்காது, அது மட்டும்தான் சரி.