கண்ணை மூடுகிற பூனை

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். சின்ன வயதிலிருந்து கேட்கிற பழமொழி. இதை முதலில் சொன்னவர் ஒரு பூனைக்கு முன்னால் ஒருநாளாவது ஆறுதலாக இருந்து பார்த்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

போர் முடிந்து 2010இல் வன்னியில் மீள்குடியேறி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு தூர்ந்து போயிருந்தது, முற்றம் முழுக்கப் பற்றை. உள்ளே ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனை குடியிருந்தது. 'நீங்கள் ஆர்?' என்று கேட்காத குறை. நாங்கள் முற்றத்தில் தறப்பாள் கொட்டில் போட்டு இருந்த அந்த மாதங்களில் அது எங்களைக் கண்டால் சீறும், உறுமும், ஓடி ஒளியும். ஆனால் ஒருநாளும் மியாவ் என்று கத்தியதில்லை. ஊமைப் பூனை என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

ஊமையெல்லாம் இல்லை. கத்திக் கேட்பதற்கு அதுவரை ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான். மியாவ் என்பது குட்டி தாயைக் கூப்பிடுகிற சத்தம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படிக் கத்திக்கொள்வது மிகக் குறைவு. (கடுவன்கள் சாமத்தில் போடுகிற சண்டை வேறு கணக்கு.) வாலும் காதும் மணமும் அவற்றுக்குப் போதும். எங்களுக்கு அதொன்றும் பிடிபடாதபடியால்தான், மனிதரோடு வாழும் பூனை குட்டிக்காலத்துச் சத்தத்தை வளர்ந்த பிறகும் விடாமல் வைத்திருக்கிறது.

அடுத்த காலபோகம் வெட்டி நெல்மூட்டைகள் உள்ளே வந்தன. மூட்டையோடு எலி வந்தது. எலி வந்தால் பின்னால் பாம்பும் வரும் என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அதனால் பூனைக்கு வீட்டில் ஒரு மரியாதை வந்தது. மீன்காரரின் மோட்டார் சைக்கிள் படலையடியில் ஹோர்ன் அடித்தால், அம்மா சூடையின் தலைகளைக் கிள்ளி அதற்கென்று ஒரு சிரட்டையில் போடுவார். ஒருநாள் போட மறந்து உலை பார்க்கப் போய்விட்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. துருப்பிடித்த பிணைச்சலில் கதவு திறப்பது போல. அதில் 'மி'யும் இல்லை, 'யாவ்'வும் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கத்திய பூனையே கொஞ்சம் திடுக்கிட்டது போலத்தான் இருந்தது.

பிறகு கேட்க வேண்டுமா! விடிய நாலு மணிக்குக் காதுக்குள் வந்து கர்ர்ர் என்னும். மடியில் படுத்துக்கொண்டு போடுகிற கர்ர்ர் இல்லை இது. உள்ளே ஒரு மெல்லிய அழுகை ஓடும், படுத்திருக்க விடாது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கரேன் மெக்கோம்ப் என்ற ஆய்வாளர் இதைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார். சாப்பாடு கேட்கும்போது போடுகிற அந்தக் கர்ர்ர்ருக்குள் குழந்தை அழுகையின் சுருதியை ஒத்த ஓர் ஒலி ஒளிந்திருக்கிறதாம். ஆய்வு வெளிவந்தது 2009இல். நாங்கள் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் வரிசையில் நின்ற வருசம். உலகத்தில் ஒரே நேரத்தில் என்னவெல்லாம் நடக்கிறது, பாருங்கள்.

நானும் ஒருமுறை பிழை விட்டேன். ஒரு மாரி நாள், மடியில் ஏறி நெடுநேரம் கர்ர்ர் என்றது. சந்தோசத்தில் இருக்கிறது என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மறுநாள் பார்த்தால் வாலடியில் கடுவன் கடித்த காயம் சீழ் கட்டி வீங்கிக் கிடக்கிறது. நோவிலும் பூனை கர்ர்ர் என்னும் என்று மிருக வைத்தியர் சொல்லித்தான் தெரியும். யோசித்துப் பார்த்தால் காது பின்னால் சாய்ந்திருந்தது, வால் நுனி துடித்துக்கொண்டே இருந்தது, மத்தியானம் வைத்த மீன் அப்படியே கிடந்தது. தன் பாசையில் மூன்று தரம் சொல்லியிருக்கிறது. நான் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். நல்லவேளை, தப்பிவிட்டது.

சரி, பழமொழிக்கு வருகிறேன். பூனைக்கு யாராவது முறைத்துப் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பு. பயமில்லாத இடத்தில்தான் கண்ணைப் பாதி மூடி, மெல்லத் திறந்து, திரும்ப மூடும். அதே சசெக்ஸ் ஆட்கள், வேறொரு பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் அப்படி மெல்லக் கண் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டுவதைக் கண்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆள் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டினாலும், சும்மா நீட்டுவதைவிடப் பூனை கிட்ட வருவது கூட. உலகம் இருண்டது என்று அது நினைக்கவில்லை, ஐயா. உன் முன்னால் கண்ணை மூடலாம் என்று நினைக்கிறது.

இப்போது வீட்டில் இருப்பது சாம்பலியின் பேத்தி. பின்னேரத்தில் அது மூட்டைக்கு மேல், நான் வாசல் கதிரையில். நேற்று இருவரும் மாறி மாறிச் சிமிட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணை படலையில் நின்று கவலையோடு கேட்டார்: "தம்பி, கண்ணுக்குள்ள ஏதும் விழுந்திட்டுதோ?"