கல்லூரி மலருக்கு ஆசிரியர் தேர்தல்: கை தூக்க வேண்டாம், 1, 2, 3 போடுங்கள்

தர்மபுரியில் நான் படித்த கல்லூரியில் ஆண்டு மலருக்கு மாணவ ஆசிரியரை இனித் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் மலர்க்குழுவை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்து, பெயரைச் சொல்லிக் கை தூக்கச் சொல்லி எண்ணப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. சீனியர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வரும் முதலாமாண்டுப் பெண் தனக்குப் பிடித்தவருக்கு எப்படிக் கை தூக்குவாள்? சீட்டு கொடுங்கள்.

சீட்டு கொடுத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 60 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். தமிழ்த்துறையில் நன்றாக எழுதுகிற இரண்டு பேர், வணிகவியலில் ஒருவர் நிற்கிறார்கள். வணிகவியல் மாணவருக்கு 24, தமிழ்த்துறைக்காரர்களுக்கு 19, 17. அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்று அறிவித்தால், 36 பேர் வேண்டாம் என்று நினைத்தவர் ஆசிரியராகிவிடுவார். அப்புறம் அடுத்த வருடம் என்ன நடக்கும்? தேர்தலுக்கு முன்பே "நீ விலகிக்கோ" என்று ஒருவரை உட்கார வைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும்.

அதனால் சீட்டில் மூன்று பெயருக்கும் எதிரே 1, 2, 3 என்று எழுதச் சொல்லுங்கள். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய 17 சீட்டையும் 2 யாருக்குப் போட்டிருக்கிறதோ அவர் கட்டில் சேர்க்க வேண்டும். 13 சீட்டு தமிழ்த்துறையின் இன்னொருவருக்கும் 4 வணிகவியலுக்கும் போனால் 32க்கு 28. இப்போது ஜெயித்தவருக்குப் பாதிக்கு மேல் ஆதரவு இருக்கிறது. இது ஒன்றும் புதுசு இல்லை, நம் குடியரசுத் தலைவர் தேர்தலே இந்த முறைதான். 1969இல் வி.வி.கிரி முதல் சுற்றில் முன்னணியில் இருந்தும் பாதியைத் தாண்டவில்லை, அடுத்த விருப்பங்களையும் எண்ணிய பிறகுதான் ஜெயித்தார்.

குறையே இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவர் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும் ஆபத்து இதிலும் உண்டு. ஆனாலும் கை தூக்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

குடவோலை முறையைக் கொண்டுவரலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உத்திரமேரூரில் குடத்திலிருந்து ஓலையை எடுத்தது குலுக்கல், ஆசிரியர் பொறுப்புக்கு அது சரிப்படாது. ஆனால் குடத்தில் பெயர் போடும் முன்பே யாருக்குத் தகுதி உண்டு என்று கல்வெட்டில் எழுதி வைத்தார்கள் பாருங்கள், அதை எடுத்துக்கொள்ளலாம். மலரில் ஒரு படைப்பாவது எழுதியவர்தான் நிற்கலாம் என்று வையுங்கள்.

கடைசி இடத்தில் இருவருக்குச் சமமாக வந்தால் யாரை நீக்குவது என்பதையும் ஓட்டுப் போடும் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.