பாதரசத்தை விட்டுவிட்டீர்களே

லேசரால் அணுக்கருவை அளப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், கருவின் மின்னூட்ட ஆரத்தை (அதன் மின்னூட்டம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற அளவை) லேசர் "நேரடியாக அளக்கிறது" என்று வருவதை மட்டும் திருத்தினால் நல்லது. லேசர் தொடுவது எலக்ட்ரானைத்தான். எஸ் எலக்ட்ரான்கள் (கருவைச் சுற்றிக் கோள வடிவில் பரவியிருப்பவை) கருவுக்குள்ளும் சற்று ஊடுருவும். கரு பெரிதானால் அவற்றின் பிணைப்பு ஒரு துளி தளரும், நிறமாலைக் கோடு இம்மியளவு நகரும். ஆக, இரண்டு ஐசோடோப்புகளுக்கு (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணுக்களுக்கு) இடையிலான ஆர வித்தியாசம்தான் கையில் கிடைக்கும். முழு ஆரத்துக்கு மியூவான் அணுக்களோ (எலக்ட்ரானுக்குப் பதில் அதைவிடக் கனமான மியூவான் துகள் சுற்றுபவை), கருவின் மேல் எலக்ட்ரான்களை மோதவிட்டுப் பார்க்கும் சிதறல் சோதனையோ துணைக்கு வர வேண்டும்.

அப்புறம், பாதரசத்தை எப்படி விட்டீர்கள்? ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில், குறைந்த ஆயுள் கருக்களை உருவாக்கும் ஐசோல்டே நிலையத்தில் 1970களிலேயே தொடங்கிய கதை அது. பாதரசம் 181, 183, 185 (எண் என்பது கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்தம்) மூன்றும் நீண்டு உப்பியிருக்க, இடையில் உள்ள 182, 184 கிட்டத்தட்ட உருண்டை. ஒரே ஒரு நியூட்ரானில் வடிவமே மாறுகிறது! 2018இல் வெளியான ஆய்வில் 177 வரை இறங்கிப் பார்த்தார்கள். நொடியில் ஒரு சிறு பகுதியே தாங்கும் கரு அது. பாதரசத்தின் 254 நானோமீட்டர் நிறமாலைக் கோட்டின் மேல் லேசரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த அலைநீளத்தில் அயனிகள் (எலக்ட்ரானை இழந்த அணுக்கள்) கூடுகின்றன என்று எண்ணியே கண்டுபிடித்தார்கள்: 181க்குக் கீழே வடிவத்தின் அந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடுகிறது. அடுத்த பகுதியில் இதை அவசியம் எழுதுங்கள்.