“47% வேலைகள் ஒழியும்” என்று அந்த ஆய்வு சொல்லவில்லை

“2033க்குள் உலகில் 47% வேலைகள் ஒழிந்துவிடும், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வே சொல்கிறது, பழைய தொழிற்பயிற்சிகளை இழுத்து மூடுங்கள்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 2013இல் வெளியிட்ட அந்த ஆய்வு அமெரிக்காவைப் பற்றியது மட்டுமே. 702 தொழில்களில் 70ஐ மட்டும் ‘கணினிமயமாக்க முடியும், முடியாது’ என்று கையால் குறித்தார்கள். அதை வைத்து எல்லாத் தொழில்களுக்கும் ஒரு கணிப்பு மாதிரி (model) கணினியில் மதிப்பெண் போட்டது. கணினிமயமாகும் சாத்தியம் 70%க்கு மேல் வந்த தொழில்களில் இருக்கும் அமெரிக்கப் பணியாளர்களின் பங்குதான் 47%. எத்தனை வேலை உண்மையில் போகும் என்று தாங்கள் கணிக்கவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தொழிலை மொத்தமாக எடுக்காமல் அதிலுள்ள பணிகளைப் பிரித்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) ஆய்வில், அப்படித் தானியங்கிமயமாகக்கூடிய வேலைகளின் பங்கு 21 நாடுகளின் சராசரியாக 9%.

பயிற்சி இடங்களை முடிவு செய்ய இந்த எண்கள் இரண்டுமே போதாது. ஒரு தொழிலில் புதிதாக உருவாகும் வேலையிடங்களோடு, ஓய்வு பெறுவோரும் வேறு தொழிலுக்குப் போவோரும் விட்டுச்செல்லும் இடங்களையும் கூட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதே பெரிது; சுருங்கும் தொழிலுக்கும் ஆள் தேவைப்படுவது அதனால்தான். அதிலிருந்து, படித்து வெளிவருவோரில் அத்தொழிலுக்கே போகிறவர்களை மட்டும் கழிக்க வேண்டும்; மிஞ்சுவதே பற்றாக்குறை. சான்றிதழ் எண்ணிக்கையை அப்படியே கழிப்பதுதான் வழக்கமான பிழை.

இன்னொன்று, கால இடைவெளி. இன்றைய பற்றாக்குறையைப் பார்த்து மூன்றாண்டுப் படிப்பில் இடங்களை இரட்டிப்பாக்கினால், அதில் சேர்ந்தவர்கள் படித்து வெளிவரும்போது தேவை தணிந்திருக்கலாம். குறுகிய பயிற்சிகளுக்கு இந்த ஆபத்து குறைவு.