கிண்டியில் சும்மா கிடக்கும் இடம்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் நெருங்கினால் போதும், எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "கிண்டி பார்க்கில் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, மரக்கன்று நடலாமே?" நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் சும்மா கிடப்பதாகத் தெரியும் அந்த வெட்டவெளியை நம்பித்தான் அங்கே வெளிமான் வாழ்கிறது.

சென்னை நகருக்குள்ளேயே இருக்கும் கிண்டி தேசியப் பூங்காவின் மொத்தப் பரப்பே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதற்குள் விளா, நாவல், களா என்று அடர்ந்த உலர் பசுமைமாறாக் காடு ஒரு பக்கம், முள்புதர் ஒரு பக்கம், குளங்கள், அப்புறம் புல்வெளி. மற்றதையெல்லாம் காடு என்று ஒப்புக்கொள்கிற நாம் புல்வெளியை மட்டும் காலி மனை மாதிரி பார்க்கிறோம்.

ஆண் வெளிமானை ஒருமுறை நின்று பாருங்கள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிய கொம்பு. இனச்சேர்க்கைக் காலத்தில் புல்தரையில் தனக்கென்று ஒரு எல்லை பிடித்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு அடையாளம் வைக்கும். இன்னொரு ஆண் உள்ளே வந்தால் தலையை நிமிர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்துக்கொண்டு நடந்து வந்து மிரட்டும். இதற்கெல்லாம் திறந்த தரை வேண்டும். ஆபத்து வந்தால் அது புதருக்குள் பதுங்காது. தூரத்திலேயே பார்த்து ஓடித்தான் தப்பிக்கும். புள்ளிமானின் கதை வேறு. அது புல்லும் மேயும், தழையும் தின்னும், புதர் நிழலிலும் சமாளிக்கும். அதனால் புல்வெளி சுருங்கினால் முதல் அடி வெளிமானுக்குத்தான்.

ஏற்கெனவே நிறைய இழந்தாயிற்று. 1959இல் தொடங்கிய ஐஐடி வளாகமே இந்தக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த இடம்தான். இன்றும் அங்கே வெளிமான் உண்டு. மிச்சமிருக்கும் புல்தரையை, வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் ஓசையில்லாமல் தின்கின்றன. அவற்றைப் பிடுங்கி எறிவது, நூறு கன்று நடுவதைவிடப் பெரிய வேலை என்பேன். மரம் நட்டே ஆக வேண்டும் என்றால் நம் தெருவில் நடுவோம், வெயிலில் காயும் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நடுவோம்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தேசியப் பூங்காவை ஒட்டியிருக்கும் சிறுவர் பூங்காவுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து மானுக்கு எதுவும் நீட்டாதீர்கள். பிஸ்கட், சிப்ஸ், பொரி எதுவும் வேண்டாம். உப்பு வாசனைக்காகக் கவரையும் சேர்த்து விழுங்கிவிடும். அசைபோடும் விலங்கின் வயிற்றில் பிளாஸ்டிக் செரிக்காமல் அப்படியே தங்கி, உருண்டு திரண்டு, இரைக்கு இடமில்லாமல் செய்துவிடும். வயிறு நிறைந்தபடியே மான் பட்டினியில் சாகும். கொடுமை இது. பிள்ளை அடம்பிடித்தால் மானைக் கூப்பிட வேண்டாம், கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லுங்கள். அது எதை மேய்கிறது, எப்படிக் காதைத் திருப்புகிறது என்று காட்டுங்கள்.

அடுத்தமுறை கிண்டிக்குள் ஆட்கள் செடிகளை வேரோடு பிடுங்கும் படம் உங்கள் கைக்கு வந்தால், "காட்டை அழிக்கிறார்கள்" என்று பகிரும் முன் அது எந்தச் செடி என்று கேளுங்கள். சீமைக்கருவேலம் என்றால், சந்தோஷப்படுங்கள்.