கெமிஸ்ட்ரியில் சி வாங்கியவள் எழுதுவது

எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பெண் கேட்டிருந்தார். "அக்கா, எனக்கு 33 வயசு. ஐடியில இருக்கேன். டாக்டருக்குப் படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. சயின்ஸ் ப்ரீரெக் (மெடிக்கல் காலேஜுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய பாடங்கள்) எல்லாத்தையும் ஒரே வருஷத்துல முடிச்சிடலாமா?" முடிக்கலாம், உங்களால் முடியும் என்று ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். நான் மட்டும் வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார். போனில் தட்டி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இங்கே.

நான் சொல்வது அமெரிக்கக் கதை. நம் ஊர் மாதிரி பிளஸ் டூ முடித்தவுடன் எம்பிபிஎஸ் என்பது இங்கே வழக்கம் இல்லை. முதலில் ஏதாவது ஒரு டிகிரி, அப்புறம் நாலு வருஷம் எம்.டி. (நம் ஊர் எம்பிபிஎஸ் இடத்தில் இங்கே இதுதான்). அந்த டிகிரி இசையில் இருக்கலாம், வரலாற்றில் இருக்கலாம், என்னைப் போலக் கம்ப்யூட்டர் சயின்ஸிலும் இருக்கலாம். ஆனால் பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் நான்கையும் லேபோடு தலா ஒரு வருஷம் படித்திருக்க வேண்டும். கூடவே பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும், பெரும்பாலும் இதுதான்.

விருதுநகரில் நான் பத்தாவது முடித்தபோது அப்பா ஃபார்மில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்று எழுதிக் கொடுத்தார். பயாலஜி போனது, அதோடு டாக்டர் என்ற பேச்சும் போனது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்போது கரப்பான்பூச்சி என்றால் நடுக்கம், அதை அறுக்கவெல்லாம் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். 15 வயதில் போட்ட ஒரு டிக் அடுத்த இருபது வருஷத்தை முடிவு செய்துவிட்டது. (இந்தியாவில் இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. நீட் எழுத உச்ச வயது வரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு பயாலஜியைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் போதும் என்று 2023இல் சொன்னார்கள். என் செட்டுக்கு அது ரொம்ப லேட்.)

சரி, ஒரே வருஷத்தில் ஏன் முடியாது? கெமிஸ்ட்ரி ஒரு சங்கிலி. ஜெனரல் கெம் 1 பாஸ் ஆனால்தான் 2, அது முடிந்தால்தான் ஆர்கானிக் 1, அப்புறம் ஆர்கானிக் 2, அப்புறம்தான் பயோகெம். ஐந்து கண்ணி, ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குக் குதிக்க முடியாது. பிரின் மார், கவுச்சர் போன்ற கல்லூரிகளில் வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கென்றே கோர்ஸ் நடத்துகிறார்கள். அங்கே கோடையையும் சேர்த்துப் பிழிந்து, ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் அது வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்க முடிகிறவர்களுக்கு. வீட்டு லோன் கட்டுகிற நமக்குக் கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர்க் கல்லூரிதான், சாயங்கால வகுப்புதான்.

நான் 34 வயதில் அங்கே போய் உட்கார்ந்தேன். முதல் லேபில் பக்கத்துப் பையனுக்கு 19 வயது, என்னை மேம் என்றான். நம்மை யார் கெமிஸ்ட்ரியில் அசைக்க முடியும் என்ற தெனாவட்டு எனக்கு. பி.இ. முதல் வருஷத்தில் ஈடிடிஏ என்ற ரசாயனத்தை வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மையெல்லாம் கண்டுபிடித்து ரெக்கார்ட் எழுதியவள் அல்லவா? அந்தத் தெனாவட்டில் பைபெட்டை எடுத்தேன், ஊரில் செய்கிற மாதிரியே வாயில் வைத்து உறிஞ்சப் போனேன். "ஸ்டாப்!" லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இங்கே வாயால் உறிஞ்சுவது கொலைக்குற்றம் மாதிரி, அதற்கென்று ரப்பர் பல்ப் இருக்கிறது. அன்றைக்குப் போன மானம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் அந்த செமஸ்டரில் ஏ வாங்கினேன், ஏனென்றால் அது ஒன்றை மட்டும்தான் எடுத்திருந்தேன்.

அந்த ஏதான் என்னைக் கெடுத்தது. அடுத்த செமஸ்டரில் ஜெனரல் கெம் 2, ஃபிசிக்ஸ் 1 இரண்டையும் போட்டேன். ஆபீஸில் ரிலீஸ் நேரம். மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு நாள் நியூயார்க் ஆபீஸ். எக்செல்லில் கலர் கலராக டைம்டேபிள் போட்டேன். டெஸ்டிங்கில் பதினோரு வருஷம் இருந்தவள் நான், ப்ளானில் ஓட்டை இருந்தால் என் கண்ணில் படும் என்று நினைத்தேன்.

மார்ச்சில் ஒரு செவ்வாய் இரவு, ஒன்பது மணி லேப். அசிட்டிக் அமிலத்தை டைட்ரேட் பண்ண வேண்டும், அதாவது காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அளவு கண்டுபிடிக்க வேண்டும். ப்யூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, கீழே குடுவையில் இரண்டு சொட்டு பினாப்தலீன். ஒவ்வொரு சொட்டும் விழும்போது லேசாக ரோஸ் நிறம் தோன்றும், ஆட்டினால் மறையும். முடிவு நெருங்கும்போது அந்த நிறம் மறைய நேரம் எடுக்கும், அப்போதுதான் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ப்ரொடக்ஷனில் ஏதோ உடைந்துவிட்டது என்று தெரியும். கையில் க்ளவுஸ், எடுக்கவும் முடியாது. சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போய்ப் பேசலாம் என்று குழாயை ஒரு நொடி அதிகம் திறந்தேன். குடுவை முழுக்க அடர் ரோஸ், எங்கள் ஊர்க் கல்யாண வீட்டு ரோஸ்மில்க் மாதிரி. மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை அப்படி ஆயிற்று. கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து மேனேஜரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றரை.

மிட்டெர்மில் கெமிஸ்ட்ரி 54. வகுப்பிலிருந்து விலகும் தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஃபிசிக்ஸை விட்டேன். டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) டபிள்யூ என்று விழும், மதிப்பெண் சராசரியான ஜிபிஏயைத் தொடாது. கெமிஸ்ட்ரியையும் அன்றைக்கே விட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒன்றை விட்டாயிற்று, இன்னொன்றையும் விடுவதா என்று வீம்பு. பஃபர் கணக்கைக் கடைசி இரண்டு வாரத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். சி.

அந்த சி எவ்வளவு கனம் என்று அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற ஒரே விண்ணப்பம். அதில் சயின்ஸுக்கும் கணக்குக்கும் தனி ஜிபிஏ உண்டு. லேப் கோர்ஸ் எட்டு, ஒவ்வொன்றும் 4 கிரெடிட், மொத்தம் 32 என்று வையுங்கள். ஏவுக்கு 4, சிக்கு 2; ஏழில் ஏ, ஒன்றில் சி என்றால் சராசரி 3.75. பரவாயில்லையே என்று தோன்றும். சரி, அதையே மறுபடி எடுத்து ஏ வாங்கினால்? பழையது அழியாது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். 3.78. ஒரு முழு செமஸ்டர் உழைப்புக்குக் கிடைப்பது 0.03. டாக்டராக இன்னொரு வழியான ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் மட்டும் புது மதிப்பெண் பழையதை மறைக்கும் வசதி இருந்தது, அதையும் 2017இல் நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவில் படித்துவிட்டு வந்த நமக்கு இன்னொரு இடி. நம் பி.இ. மதிப்பெண்கள் ஆம்காஸ் ஜிபிஏயில் சேராது. இங்கே டிகிரி படித்த பிள்ளைக்கு மொத்தம் 120 கிரெடிட், அதில் ஒரு சி கரைந்துவிடும். நம்முடைய ஜிபிஏ நிற்பதே இங்கே எடுக்கிற இந்தக் கொஞ்சூண்டு கிரெடிட் மேல்தான். நாம்தான் யாரையும் விட மெதுவாகப் போக வேண்டியவர்கள். ஆனால் வயதாகிவிட்டதே என்ற பதற்றத்தில் நாம்தான் யாரையும் விட வேகமாக ஓடுகிறோம். நானும் ஓடினேன்.

இந்த நான்கு பாடங்களை யார் முடிவு செய்தார்கள் என்று ஒருநாள் தேடிப் படித்தேன். 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். அப்போது பள்ளியைக்கூட முடிக்காதவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகள் இருந்தன. கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஃபிசிக்ஸ் படித்துவிட்டு வாருங்கள் என்ற வழக்கம் ஊன்றியது அதற்குப் பிறகு. மோசமான கல்லூரிகள் பல மூடின, நல்லதுதான். ஆனால் கறுப்பினத்தவருக்கென்று இருந்த ஏழில் ஐந்தும் மூடிப்போயின, மிஞ்சியவை ஹோவர்டும் மெஹாரியும். நூறு வருஷம் தாண்டியும் அதே பட்டியலைத்தான் சுமக்கிறோம். என்னைக் கேட்டால் ஆர்கானிக் 2ஐ எடுத்துவிட்டு ஸ்டாடிஸ்டிக்ஸை ஒரு முழு வருஷம் வைக்கலாம். நோயாளியிடம் ரிசல்ட்டை விளக்கப்போகும் டாக்டருக்கு எது உதவும்? என்னை யார் கேட்கிறார்கள்.

போன மாதம் மாமா ஊரிலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா, எல்லாம் முடிச்சு டாக்டராகும்போது உனக்கு எத்தனை வயசு?" அந்த வயசு எப்படியும் வரத்தானே போகிறது என்று இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அது கணக்கு இல்லை, வசனம். கணக்காகவே சொன்னேன்: ப்ரீரெக் முடியும்போது 37, எம்கேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதி விண்ணப்பித்து, நேர்காணல் கூப்பிட்டு, இடம் கிடைத்து உள்ளே போகும்போது 39, எம்.டி. 43, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது மூன்று வருஷம், ஆக 46. இடம் கிடைத்தால். வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் விண்ணப்பிக்கிறார்கள், சேர்கிறவர்கள் 23 ஆயிரம் பேர்தான். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "46ஆ... ஒரு வருஷம் முன்ன பின்ன ஆனா ஒண்ணுமில்ல" என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன். 46க்கும் 47க்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 3.9க்கும் 3.5க்கும் தெரியும்.

இப்போது ஆர்கானிக் 2 முடியப் போகிறது. கோடையில் விட்டுப்போன ஃபிசிக்ஸ். பயோகெம் கம்யூனிட்டி காலேஜில் இல்லை, செப்டம்பரில் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குப் போக வேண்டும். கூடவே ஃபிசிக்ஸ் 2ஐயும் போட்டுவிடுங்கள், ஒரு செமஸ்டர் மிச்சமாகும் என்றார் காலேஜ் ஆலோசகர். போடவில்லை.

குழுவில் கேட்ட அந்தத் தங்கைக்கு: முதலில் கெம் 1 மட்டும் எடுங்கள். லேப் எந்த நாள், எத்தனை மணிக்கு முடிகிறது, அன்றைக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டு ரிஜிஸ்டர் பண்ணுங்கள். சிலபஸ் கைக்கு வந்ததும் விலகும் தேதி எது என்று பாருங்கள். நான் அதைப் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், மகளின் ஃபீல்ட் ட்ரிப் தாளுக்குப் பக்கத்தில்.